உள்தாழ்ப்பாள்

ராஜபாளையம்
12.10.1987

அன்புத் தங்கை கிருபாபாய்க்கு,

அண்ணன் பொன்னுராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உன் மதினி ஜெயபாயும் சுகம். நீயும் மருமகள் பரிபூரணமும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன சிங்கப்பூரிலா இருக்கிறது? பஸ்ஸில் ஏறி ஒரு கண் அசந்தால் வந்துவிடுகிற ஊர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை கட்டுரையாக இங்கிலீஷ் எழுதிப் போடுகிற டீச்சருக்கு, அண்ணனுக்கு ஒரு கார்டு போட நேரமில்லையாக்கும். உன் மதினி, "உங்க தங்கச்சி பெரிய ஆளாயிட்டாக" என்று சிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளி முடிந்த ஞாயிறு உங்கள் ஊர் கொட்டகையில் காலைக் காட்சிக்கு ஒரு பழைய இங்கிலீஷ் படம் வருகிறது. வெள்ளைக்காரன் நம்மை விட்டுப் போவதற்கு முன்னால் லண்டனில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கொலைக் கதை. ரீல் பெட்டி ஒன்றுதான். அங்கே ஓடியபிறகு நவம்பர் எட்டாம் தேதி ஞாயிறு இங்கே நம் டாக்கீஸில் ஓட்டுகிறோம். வழக்கம்போல நீ போய்ப் பார்த்து, ரீல் ரீலாகத் தமிழில் எழுதி அனுப்பு. நான் மைக்கில் வாசித்துவிடுகிறேன். போன தடவை மில்லில் ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தலையோடு வந்த பயல்கள், "ஏலே, வெள்ளக்காரன் வாயசைக்கான், நம்ம மேனேசரு பேசுதாரு!" என்று விசிலடித்துத் தீர்த்துவிட்டார்கள். எழுதியவள் நீ என்று யாருக்குத் தெரியும்? பேர் எனக்குத்தான்.

கடைசி ரீலை மட்டும் தனி உறையில் ஒட்டி அனுப்பு. அதை நான் முன்கூட்டிப் படிக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் என் குரலில் பயம் வராது. ஜனங்களோடு ஜனமாக நானும் அந்த நிமிஷம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உன் மதினி இதைக் கிறுக்குத்தனம் என்கிறாள். அவளுக்குத் தொழில் தெரியாது.

மம்சாபுரத்து வரன் என்ன ஆயிற்று? பையன் பட்டாளத்தில் இருக்கிறான், குடும்பமும் நல்ல குடும்பம் என்கிறார்கள். தாய்மாமன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது நீ எதற்கும் கலங்க வேண்டாம்.

அன்புடன்
அண்ணன் பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.10.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கிருபாபாய் வணக்கமாய் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். மதினியைச் சிரித்து முடித்துவிட்டு எனக்கு ஒரு படி ஊறுகாய் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பெரிய ஆளான நாத்தனாருக்கு அதுகூடச் செய்யக்கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பரிபூரணத்தையும் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனேன். கொட்டகையில் மூட்டைப்பூச்சிகள் எங்களைவிட அதிகம். ஆனால் படம் படம்தான், அண்ணே! ஒரு பெரிய பங்களா. ஓயாத மழை. வீட்டுக்காரர் புத்தக அறையில் செத்துக் கிடக்கிறார். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது என்கிறார்கள். மனைவி, டாக்டர், சமையல்காரி, மனைவியின் அண்ணன் என்று ஒவ்வொருவராக இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறார். அவித்த முட்டையைக் கரண்டியால் தட்டித் தின்றுகொண்டே விசாரிக்கிறார். அந்த ஊரில் ஆள் செத்தாலும் நாலு மணிக்கு டீ வந்துவிடுகிறது. நம் ஊரில் எழவு வீட்டில் ஒரு வாய் காப்பிக்கு எம்புட்டு நேரம் காத்துக் கிடக்கிறோம்! கொலைகாரன் யாரென்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். மைக் முன்னால் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனவள், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் செத்த நேரம் அப்படியே நின்றுவிட்டேன். "என்னம்மா, உள்ள தூங்கிட்டியா?" என்று பரிபூரணம் கதவைத் தட்டினாள். படம் அப்படி மனசில் ஏறிவிட்டது.

மம்சாபுரத்திலிருந்து பையனின் அப்பா வைகுண்டராஜ் அண்ணாச்சி நேற்று வந்தார். நல்ல மனிதர். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பொண்ணு லட்சணமா இருக்கா டீச்சர், குறை சொல்றதுக்கு இல்ல. ஆனா தகப்பனாரு டாக்கீசுல குடிச்சுப்போட்டுத் தீயை வச்சுத் தானும் செத்தவருன்னு ஊர்ல சொல்லுதாக. வீட்ல பொம்பளைக யோசிக்காக."

உள்ளே பரிபூரணம் வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கல் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணே, என் வீட்டுக்காரர் கல்யாண வீட்டில் கலர் குடித்து ஏப்பம் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொள்கிற மனுசன். ஆனால் எட்டு வருடமாக அவர் பேர் இந்த இரண்டு ஊரிலும் "குடிகார ஆபரேட்டர்" என்றுதான் இருக்கிறது. அன்றைக்கு மாட்னி ஆட்டத்தில் உங்கள் டாக்கீஸ் மிஷின் கேபினில் தீப்பிடித்தபோது முதலில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தது நீங்கள்தான். கதவு எப்படி இருந்தது, நீங்கள் எப்படித் திறந்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். அண்ணாச்சியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு இதையெல்லாம் கேட்க எனக்குத் தெம்பு இல்லாமல் போய்விட்டது.

அன்புத் தங்கை
கிருபாபாய்


ராஜபாளையம்
30.10.1987

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். ஊறுகாயை பஸ் கண்டக்டர் முத்துராமலிங்கத்திடம் கொடுத்தனுப்புகிறேன். படத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் இப்போதே மைக்கைப் பிடிக்க வேண்டும்போல இருக்கிறது. சுவரெழுத்துக்காரனிடம் "லண்டன் பங்களாவில் கொலை" என்று மலையடிப்பட்டிவரை எழுதச் சொல்லிவிட்டேன்.

மற்ற விஷயம். செத்தவரைத் தோண்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதுதான் உண்மை. ஆபரேட்டர் படம் ஓடும்போது டீக்கடைக்குப் போகிறார் என்று நான் வெளியே பூட்டுகிற வழக்கம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் பூட்டவே இல்லை. புகையைப் பார்த்ததும் ஓடினேன், தள்ளினேன், கதவு வரவில்லை. கடப்பாரையால் நெம்பினேன். உள்தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்து என் காலடியில் விழுந்தது. மாப்பிள்ளை மிஷின் அடியில் சுருண்டு கிடந்தார். சாராய வாடை. போலீசிலும் முதலாளியிடமும் இதையேதான் சொன்னேன். யாரும் பார்க்கக்கூடாது என்று தாழிட்டுக்கொண்டு குடித்திருக்கிறார். மிஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியின் நெருப்பு பிலிம் துண்டில் விழுந்திருக்கும். விதி.

மம்சாபுரத்துக்காரர்களிடம் நெஞ்சுவலி என்று சொல்லி முடித்துவிடு. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா? நாலு நாள் பேசுவார்கள், பொறவு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எட்டாம் தேதிக்கு எல்லா ரீலும் வந்து சேர வேண்டும். தாமதம் செய்துவிடாதே.

அன்புடன்
அண்ணன் பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.11.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஊறுகாயும் வந்தது. உப்புக் கொஞ்சம் தூக்கல், மதினியிடம் சொல்ல வேண்டாம். நான் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் எழுதிவிட்டீர்கள். அதைப் படித்தபிறகுதான் மனசுக்குத் தெளிவு வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து படத்தை எழுதி முடித்தேன். இந்த மாதிரி ஆசையாக நான் எதையும் எழுதியதில்லை.

எல்லா ரீலும் இத்துடன் முத்துராமலிங்கம் கையில் வருகிறது. கடைசி ரீல் தனி உறையில் இருக்கிறது. கோந்து போட்டு ஒட்டி, மேலே என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கடைசி ரீல் மிஷினில் ஏறுகிறவரை தொடக்கூடாது. உங்கள் தொழில் சுத்தத்தை நம்பித்தான் அனுப்புகிறேன். அதில் கொலைகாரன் தன் வாயால் எல்லாவற்றையும் சொல்கிறான். அவன் பேச்சு முழுவதையும் "நான், நான்" என்றே எழுதியிருக்கிறேன். நிறுத்தி, நன்றாக உரக்க வாசியுங்கள். பின்னால் தரை டிக்கெட்வரை கேட்க வேண்டும்.

ஒரு உபகாரம். வைகுண்டராஜ் அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாளும் அன்றைக்குப் படம் பார்க்க வருகிறார்கள். நான்தான் கூப்பிட்டேன். "எங்க அண்ணன் மைக்ல பேசி நீங்க கேக்கணும்" என்று சொல்லியிருக்கிறேன். முன்னால் நாற்காலி போட்டுக் கொடுங்கள். அந்தக் காலத்து ஆட்கள், டீக்கடை முத்துப்பேச்சி, சைக்கிள் ஸ்டாண்டு கருத்தப்பாண்டி, இவர்களுக்கும் பாஸ் கொடுங்கள். பாவம், என்றைக்கு அவர்கள் இங்கிலீஷ் படம் பார்த்தார்கள்?

வேறு விசேஷம் இல்லை. எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. நேற்று எண்ணெய் விட்டேன். இப்போது வாயை மூடிக்கொண்டது.

அன்புத் தங்கை
கிருபாபாய்


(தனி உறையில்)
கடைசி ரீல்

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் பெரிய கூடத்தில் நிறுத்துகிறார். வெளியே மழை. செத்துப்போனவரின் மனைவி ஓரமாக நின்று அழுகிறாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன், தங்கையின் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். இன்ஸ்பெக்டர் கேட்கிறார்: "கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது என்று முதலில் சொன்னது யார்?" எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒரே ஒருவன்தான் சொன்னான். மற்றவர்கள் அவன் சொன்னதை நம்பினார்கள். அண்ணன் கையைத் தங்கையின் தோளிலிருந்து எடுக்கிறான். அவன் பேசத் தொடங்குகிறான்.

"ஆமாம். அதைச் சொன்னவன் நான்தான். அந்தக் கதவில் உள்தாழ்ப்பாளே கிடையாது. தீப்பிடிப்பதற்கு முந்தின மாதமே என் தங்கை புருஷன் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் பொண்டாட்டியும் வளர்ந்த மகளும் குளிக்கிற இடத்துக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அங்கே மாட்டிவிட்டான். பச்சைப் பெயிண்ட் அடித்த தாழ்ப்பாள். டாக்கீஸ் கதவெல்லாம் அதே பச்சைதான். இன்றைக்கும் அது அந்த வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. நான் எப்போதும் கதவுக்கு வெளியேதான் நின்றேன், அதனால் எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

"கதவை வெளியே பூட்டியவன் நான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவன் புகையில் திணறிச் செத்தான். செத்தவன் மேல் குடிகாரன் என்ற பேரையும் போட்டு மூடினேன். அவன் குடித்ததே இல்லை. என் தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

"அவன் பேர் மாரிச்சாமி. இந்த டாக்கீஸ் ஆபரேட்டர். என் பேர் பொன்னுராஜ்."


ராஜபாளையம்
10.11.1987

கிருபா,

வழக்கமாக எழுதுகிற ஆரம்பம் எதுவும் கை வரவில்லை.

கொட்டகை நிறைந்துவிட்டது. நீ சொன்ன ஆட்களெல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். இடைவேளைவரை என் குரல் என்றைக்கும் இல்லாத மாதிரி இருந்தது என்று கண்ணுச்சாமியே சொன்னான். மாப்பிள்ளைக்குப் பிறகு வந்த ஆபரேட்டர், உனக்குத் தெரியும். கடைசி ரீல் ஏறியதும் உறையைக் கிழித்தேன். "அண்ணன்" என்று வந்தபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றாக இழுத்து வாசித்தேன். "அந்தக் கதவில் உள்தாழ்ப்பாளே கிடையாது" என்று வாசித்தபிறகு அடுத்த வரியைக் கண் பார்த்தது. வாய் நின்றுவிட்டது.

திரையில் அந்த வெள்ளைக்காரன் வாயை அசைத்துக்கொண்டே இருந்தான். கூட்டம் கத்தியது. "யோவ் மேனேசரு, சொல்லும்யா! எவன்யா கொன்னது?" தரை டிக்கெட் முழுக்க இதையே கேட்டது. "எவன்யா கொன்னது? எவன்யா கொன்னது?"

காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். டாக்டர் கொன்றான் என்று சொன்னால் ஒருவனும் கேட்கப்போவதில்லை. உன் எழுத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் நான்தான் உனக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தேன். வாசித்தேன். என் பேர்வரை வாசித்தேன். கிருபா, அவர்கள் கை தட்டினார்கள். படத்தில் ஊர்ப்பேர் சேர்த்து வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அங்கேயே நான் தப்பித்திருக்கலாம். கருத்தப்பாண்டி மட்டும் கை தட்டவில்லை. எழுந்து நின்று, நான் மைக்கோடு உட்கார்ந்திருந்த கேபின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுச்சாமியிடம் படத்தை நிறுத்தி விளக்கைப் போடச் சொன்னேன். கீழே இறங்கிப்போய்த் திரைக்கு முன்னால் நின்று, மைக் இல்லாமல், எல்லாம் நிசம் என்று சொன்னேன்.

நீ எழுதாததையும் சொன்னேன். உனக்கும் சொல்ல வேண்டும். நான் கதவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை உயிரோடு இருந்தார். "மச்சான், தொறங்க" என்று தட்டினார். சாவி என் கையில் இருந்தது. கதவிடுக்கில் நெருப்பைப் பார்த்துப் பயந்து, திரும்பி ஓடிவிட்டேன். மனசு வந்து மறுபடி போனபோது தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. பூட்டி வைத்துக் கொன்றேன் என்று தூக்குக் கயிறு வந்துவிடுமென்று சாராயத்தை நான்தான் ஊற்றினேன். கொல்லவேண்டும் என்று நினைத்ததில்லை. ஆனால் கொன்றது நான்தான்.

முதலாளி இனிமேல் வாசல்படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். கூப்பிடும்போது வா என்றார்கள். உன் மதினி என்னோடு பேசுவதில்லை. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். ஆண்டவர் மன்னிப்பார் என்றார். நீ மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். பரிபூரணம் கல்யாணத்தில் பந்தல்காலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போகிறேன். அதற்கு மட்டும் இடம் கொடு.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.11.1987

திரு. பொன்னுராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "மச்சான், தொறங்க" என்ற இடத்துக்குமேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகாமல் உட்கார்ந்து மீதியைப் படித்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்து வந்த அன்றைக்குத் தாழ்ப்பாளில் கை வைத்தவள் ஏன் நின்றேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். எட்டு வருடம் தினமும் அதைத்தான் போட்டுக் குளித்தேன். உங்கள் பேச்சை அம்புட்டு நம்பியிருந்தேன், அதனால் கையில் இருந்தது கண்ணில் படவில்லை. அப்போதும் சந்தேகத்தின் பலனை உங்களுக்குக் கொடுத்துத்தான் கேட்டு எழுதினேன். "நான் பூட்டினேன், கிருபா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கடைசி ரீலை அப்படி எழுதியே இருக்கமாட்டேன். நீங்கள் இல்லாத தாழ்ப்பாளைப் பிய்த்துக் காலடியில் போட்டுக் காட்டினீர்கள்.

பழிவாங்குவது ஆண்டவர் வேலை என்று பாஸ்டர் இங்கேயும் வந்து சொன்னார். ஆண்டவருக்கு இங்கிலீஷ் படம் பார்க்க நேரமில்லை, அதனால் நான் எழுதினேன் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கை தட்டினார்கள் என்று படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் நாலு தடவை தட்டியிருக்கலாம்.

மம்சாபுரத்து அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை காப்பியைத் தொடவில்லை. "உங்க வீட்டுக்காரரைத் தப்பாப் பேசிட்டோம் டீச்சர், மனசு வலிக்கு. ஆனா இப்ப தாய்மாமன் கொலைகாரருன்னு ஊர் பேசுது. போலீசு, கோர்ட்டுன்னு ஆகும். பையன் பட்டாளத்துல இருக்கான், பாத்துக்கிடுங்க" என்றார். வரன் போய்விட்டது. இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ, தெரியவில்லை.

பரிபூரணத்திடம் எப்படிச் சொல்வதென்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "போனாப் போறாக. எங்கப்பா குடிக்கலன்னு அவிய வாயால சொல்லிட்டுப் போறாகல்ல, எனக்கு அது போதும்மா" என்றாள். அன்றைக்கே டிரங்குப் பெட்டியிலிருந்து அவள் அப்பா படத்தை எடுத்துத் துடைத்து முன்னறையில் மாட்டினாள். வருகிறவர்கள் ஏதாவது கேட்பார்களே என்று இத்தனை வருடம் நான் அதை வெளியே வைத்ததில்லை.

அவள் கல்யாணம் என்றைக்கு நடந்தாலும் பத்திரிகையில் "காலஞ்சென்ற டாக்கீஸ் ஆபரேட்டர் மாரிச்சாமி அவர்களின் மகள்" என்று போடுவேன். தாய்மாமன் பேர் இருக்காது. பந்தல்காலுக்குப் பக்கத்திலும் நிற்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என்ன அவசரம்? அவர் தட்டினபோது உங்களுக்கு அவசரம் இருக்கவில்லையே. நீங்களும் தட்டிக்கொண்டிருங்கள்.

குளியலறைக்குக் கடைத்தெருவில் புதுத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டிவிட்டோம். பழையதைப் பச்சைப் பெயிண்டோடு துணியில் சுற்றி, இந்தக் கடிதத்தோடு முத்துராமலிங்கம் கையில் கொடுத்திருக்கிறேன். எங்களுக்கு அடுத்தவர் சொத்து வேண்டாம். கண்ணுச்சாமியைப் பார்த்து நீங்களே கொடுங்கள். கேபின் கதவில் உள்பக்கமாக மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே பூட்டு மாட்டுகிற கொண்டியைக் கழற்றச் சொல்லுங்கள்.

அதற்குப்பிறகு எனக்கு எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

மாரிச்சாமி மனைவி
கிருபாபாய்